வாயைப் பெரிதாக்கினால் சூடு தணியுமா?

சமையல் அறையில் புகை சூழ்ந்து கொள்கிறது. கண் எரிகிறது. என்ன செய்வோம்? ஜன்னலைத் திறப்போம். ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது என்றால்? அதை இடித்து இன்னும் அகலமாக்கச் சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிடுவோமா? வீட்டிலுள்ள பாட்டியைக் கேட்டால், "எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் வை, இல்லாவிட்டால் மேலே புகைபோக்கி வை" என்பாள். உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி இருந்தால்தானே புதுக் காற்று உள்ளே வரும்!

பாட்டிக்குத் தெரிந்த இந்த விஷயம், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வேகக் கார் வாங்குகிறவர்கள் பலருக்கு மறந்து போகிறது. எஞ்சின் சூடேறினால் போதும், அவர்களுடைய கண் நேரே காரின் முகத்துக்குப் போகிறது. "வாய் சின்னதாக இருக்கிறது. அதனால்தான் காற்று போதவில்லை. வெட்டிப் பெரிதாக்கு!" என்கிறார்கள். ரம்பத்தை எடுத்து விடுகிறார்கள்.

ரம்பம் வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

காரின் இரண்டு விளக்குகளுக்கும் நடுவே வாய் போல ஒரு திறப்பு இருக்கிறதல்லவா? அதில் கம்பியோ வலையோ வைத்து மறைத்திருப்பார்கள். அதற்குத்தான் கிரில் என்று பெயர். அது வெறும் அழகுக்காக வைத்ததல்ல. அதற்குப் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் வருகிறது. வாய் வழியாகப் புகுந்த காற்று அந்தக் குழாய்களுக்கு இடையே நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஆறிய தண்ணீர் மறுபடியும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

இந்தச் சூடு கொஞ்ச நஞ்சமல்ல. பெட்ரோல் எரிந்து பிறக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாகிறது. இன்னொரு பங்கு தண்ணீரில் இறங்குகிறது. மிச்சம் உள்ள பங்குதான் காரை ஓட்டுகிறது. ஆகவே காரை ஓட்ட எவ்வளவு சக்தி செலவாகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூட்டை ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும். கொட்ட முடியாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். எஞ்சினின் மேல் பாகமான ஹெட் வளைந்து போகும். நடுவில் இருக்கும் காஸ்கெட் கிழியும். அப்புறம் மெக்கானிக் நீட்டும் பில்லைப் பார்த்து, கார்க்காரருக்கும் சூடேறும்!

சேயர் வைத்த சின்ன வாய்

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஜாகுவார் கம்பெனி செய்த 'ஈ-டைப்' என்ற காரை எடுத்துக் கொள்வோம். 1961-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா கண்காட்சியில் அந்தக் கார் முதன்முதலாக வந்து நின்றபோது, பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள். நீண்ட மூக்கு. கண்ணாடி மூடிய விளக்குகள். முகத்தில் நீள்வட்டமாக ஒரு சின்ன வாய். அதன் குறுக்கே பளபளக்கும் ஒரே ஒரு கம்பி. 265 குதிரை சக்தி, மணிக்கு 150 மைல் வேகம் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. 150 மைல் என்றால் 240 கிலோ மீட்டருக்கு மேல். 1996-ல் நியூயார்க் நகரத்து நவீனக் கலைக்கூடம் ஓவியங்களோடும் சிற்பங்களோடும் இந்த வகைக் கார் ஒன்றையும் சேர்த்துக் கொண்டது என்றால், அதன் அழகை நான் வேறு வர்ணிக்க வேண்டுமா?

அந்த உடலுக்கு உருவம் கொடுத்தவர் மால்கம் சேயர். இரண்டாவது உலக யுத்த காலத்தில் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வளைவுகளைக் கணக்குப் போட்டு வரைகிறவர். அப்படிப்பட்டவர் வாயைச் சின்னதாக வைத்தார் என்றால் அதற்குக் காரணம் இருக்கும் அல்லவா?

விமானக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. வேகமாகப் பாயும் காற்று ரேடியேட்டருக்கு உதவாது. நிதானமாக, அழுத்தத்தோடு வரும் காற்றுதான் உதவும். சின்ன வாய் வழியே காற்றை உள்ளே விட்டு, அதற்குப் பின்னால் பாதையைப் படிப்படியாக அகலமாக்கினால், காற்றின் வேகம் குறையும்; அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் ரேடியேட்டரின் இடுக்குகளில் காற்றைத் தள்ளும். யுத்தத்தில் பேர் வாங்கிய அமெரிக்க மஸ்டாங் விமானத்தின் வயிற்றைப் பார்த்தால் தெரியும். அங்கேயும் ரேடியேட்டரை விட வாய் சின்னதுதான்.

வாயைப் பெரிதாக்கினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ரேடியேட்டர் விழுங்கக் கூடியதற்கு மேல் வரும் காற்று, உள்ளே போக இடமில்லாமல் முட்டி மோதும். காரைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' என்ற பந்தயம் நடக்கிறது. பல ஆண்டுகளாக அங்கே ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. ஓரிரு சுற்று மட்டும் ஓடி நேரம் காட்ட வேண்டிய தேர்வு ஓட்டத்தில், கிரில்லின் மேல் டேப் ஒட்டிக் காற்று வழியை அடைத்து விடுவார்கள்! எஞ்சின் கொதிப்பதற்குள் ஓட்டம் முடிந்து விடும். அந்தச் சில நொடிகளில் கிடைக்கும் கூடுதல் வேகம் அவர்களுக்குப் பெரிது. வேகமே பிழைப்பாக உள்ளவர்கள் வாயை அடைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உல்லாசமாக ஓட்டுகிறவர்கள் வாயைக் கிழிக்கிறார்கள். யாருக்கு விஷயம் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

கம்பெனியே பெரிதாக்கியதே!

என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1968-ல் வந்த இரண்டாம் வரிசை ஈ-டைப்பில் ஜாகுவார் கம்பெனியே வாயைப் பெரிதாக்கியது. அதுவும் கொஞ்சமல்ல, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதிகம். 1971-ல் 12 சிலிண்டர் எஞ்சின் வந்தபோது இன்னும் பெரிய வாய் வைத்து, அதில் கம்பித் தட்டியும் போட்டார்கள். "செய்தவனே தன் தப்பை ஒப்புக்கொண்டு விட்டான். நாங்கள் வெட்டினால் மட்டும் குற்றமா?" என்கிறார்கள்.

முதல் காருக்குச் சூட்டுத் தொந்தரவு இருந்தது உண்மை. நெரிசலில் நின்றால் முள் மேலே ஏறும். ஆனால் 1968-ல் கம்பெனி செய்தது வாயைப் பெரிதாக்கியது மட்டும்தானா? ஒரு மின்சார விசிறி இருந்த இடத்தில் இரண்டு விசிறி வைத்தார்கள். விற்பனைக்கு அமெரிக்காவையே பெரிதும் நம்பியிருந்த கார் அது. குளிர்சாதனம் வேண்டும் என்ற வாடிக்கைக்காரர்களுக்கு அதையும் பொருத்திக் கொடுத்தார்கள். குளிர்சாதனம் காருக்குள்ளே குளிர்ச்சி தரும். ஆனால் தன் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால் கொட்டும். அந்தக் கூடுதல் சூட்டுக்கும் சேர்த்து, முன்பக்கம் முழுவதையும் ஒரே கணக்காகப் போட்டுத்தான் மாற்றினார்கள். அந்தக் கணக்கில் வாய் ஒரு பகுதி. அதை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, பழைய ரேடியேட்டரையும் பழைய விசிறியையும் அப்படியே விட்டுவிட்டு, வாயை மட்டும் வெட்டினால் பாதி வைத்தியம்தான்.

இன்னொன்று. இன்று பழைய கார்ச் சந்தையில் பொதுவாக அதிக விலை போவது சின்ன வாய் உள்ள முதல் வரிசைக் கார்தான். இரண்டாம் வரிசைக் காரை வாங்கியவர்களில் சிலர், அதன் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு முதல் வரிசையின் முகத்தைத் தேடி மாட்டுகிறார்கள். ஒருவர் பணம் கொடுத்து வாயைச் சின்னதாக்குகிறார். இன்னொருவர் பணம் கொடுத்துப் பெரிதாக்குகிறார். தகரத் தொழிலாளிக்கு இரண்டு பக்கமும் லாபம்!

எப்போது சூடேறுகிறது?

வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கார் நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போது சூடேறுகிறதா?

நெரிசலில் நின்று கொண்டிருக்கும்போது முள் ஏறினால், வாயைக் குறை சொல்வதில் பெரிய பிரயோஜனம் இல்லை. நிற்கும் காருக்குக் காற்று தானாக வராது. விசிறி இழுத்தால்தான் வரும். விசிறி சரியாகச் சுற்றுகிறதா, சரியான சமயத்தில் ஓட ஆரம்பிக்கிறதா, அதற்குப் போகும் மின்சாரம் பலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசிறியைச் சுற்றிக் கூடு இல்லாவிட்டால், அது ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கத்தில் உள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக் கொண்டிருக்கும்.

வேகமாக ஓடும்போது முள் ஏறினால் கதை வேறு. வேகம் மூன்று மடங்கானால் முன்னால் மோதும் காற்றின் அழுத்தம் ஒன்பது மடங்காகும். அவ்வளவு பலத்தோடு காற்று வந்து நிற்கும்போதும் சூடு தணியவில்லை என்றால், உள்ளே வந்த காற்று எங்கே போகிறது என்றுதான் தேட வேண்டும். ரேடியேட்டரின் ஓரங்களில் இடைவெளி இருந்தால், காற்று அதன் ஊடே போகாமல் பக்கவாட்டில் நழுவி விடும். தண்ணீரைப் போலக் காற்றும் சுலபமான வழியைத்தான் தேடும். அந்த இடைவெளிகளை ரப்பர் பட்டையோ தகடோ வைத்து அடைத்தால், வாயை ஓர் அங்குலம் கூட வெட்டாமலே நல்ல பலன் கிடைக்கும். செலவும் சொற்பம்.

அடுத்தது வெளியே போகும் வழி. ஈ-டைப்பின் பானெட்டில், அதாவது எஞ்சின் மூடியில், வரிசையாகச் செதில் போன்ற பிளவுகள் இருக்கின்றன. சூடான காற்று போவதற்கான புகைபோக்கிகள் அவை. சிலர் வேறு கார்களில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். பானெட்டின் பின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து, அந்தச் சந்து வழியே சூடு போகட்டும் என்கிறார்கள். கார் நிற்கும்போது போகலாம். ஓடும்போது நடப்பது நேர் எதிர். முன் கண்ணாடியின் அடியில் காற்று வந்து முட்டுவதால் அங்கே அழுத்தம் அதிகம். அந்தச் சந்து வழியே காற்று வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரும்! எஞ்சினுக்குச் சுவாசக் காற்று கொடுப்பதற்காகப் பந்தயக் கார்களில் அந்த இடத்திலேயே திறப்பு வைப்பதுண்டு.

சுவாசக் காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. எஞ்சினுக்குக் காற்று இரண்டு வேலைக்கு வேண்டும். ஒன்று ஆறுவதற்கு, இன்னொன்று பெட்ரோலோடு கலந்து எரிவதற்கு. எரிவதற்குப் போகும் காற்று குளிர்ச்சியாக இருந்தால் சக்தி கூடும். 30 டிகிரி வெப்பமுள்ள காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால், அதன் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்து விடும். சக்தியும் அதற்குத் தக்கபடி குறையும். கிரில்லின் ஓரத்திலிருந்து ஒரு குழாய் போட்டுக் குளிர்ந்த காற்றை நேராகக் கொண்டு வந்தால் இதற்கு ஒரு பரிகாரம் கிடைக்கும். அதற்கும் ரம்பம் தேவையில்லை.

வெட்ட மனமில்லாதவர்கள் கிரில்லில் பளபளக்கும் கம்பி வலை மாட்டுகிறார்கள். கல் அடிக்காமல் தடுக்கும். பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் ஒரு மில்லி மீட்டர் கனமுள்ள கம்பியை நாலு மில்லி மீட்டர் இடைவெளி விட்டுப் பின்னினால், திறப்பில் 64 சதவீதம்தான் மிச்சம். 36 சதவீதத்தைக் கம்பியே மறைத்து விடுகிறது! நம் ஊரில் கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், பெயர்ப் பலகை என்று கடை பரப்புகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் வீட்டுக் காருக்கும் இதே நியாயம்தான். ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டியிருக்கும் பூச்சியையும் மண்ணையும் மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பாதிச் சங்கடம் தீரும். சூடாக இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் பீறிட்டு முகத்தை வேக வைத்து விடும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு திறக்க வேண்டும்.

"இதையெல்லாம் செய்து பார்த்து விட்டேன். பந்தயம் ஓடுகிறேன். இன்னும் சூடேறுகிறது. எனக்குப் பெரிய வாய்தான் வேண்டும்" என்று ஓர் ஈ-டைப்காரர் சொன்னால் என்ன பதில்? முதலில் உள்ளே கனமான, பெரிய ரேடியேட்டர் போட்டுப் பாருங்கள் என்பேன். அதுவும் போதாது என்றால் அவருக்கும் வழி இருக்கிறது. அந்தக் காரின் முன்பக்கம் முழுவதும், மூக்கும் சக்கர மூடிகளும் சேர்த்து, ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். கீல்களைக் கழற்றினால் தனியாக வந்துவிடும். கண்ணாடி இழையில் அதே உருவத்தில் இன்னொன்று வாங்கி, அதில் வாயை இஷ்டம் போல் வெட்டிக் கொள்ளட்டும். 1961-ல் சேயர் கணக்குப் போட்டு வளைத்த தகட்டைத் துணி சுற்றிக் கொட்டகையில் மாட்டி வைக்கட்டும்.