தேர்வு அரசிடமும் பயிற்சி எங்களிடமும் தொடர வேண்டி: கோரிக்கை மனு

அனுப்புநர்
செயலாளர்,
திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம் பகுதித் தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலக நடத்துநர்களின் சங்கம்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர் – 2.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம், கடலூர் – 1.

நகல்
தொழில்நுட்பக் கல்வி இயக்குநர் அவர்கள், கிண்டி, சென்னை – 25.
உதவி இயக்குநர் அவர்கள், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், கடலூர்.

பொருள்: அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் தட்டச்சைக் கணினிக்கு மாற்றும்போது கால அவகாசம் தருதல், தமிழ் விசைப்பலகையை முன்கூட்டி அறிவித்தல், பயிலகங்களைத் திறன் பயிற்சித் திட்டங்களில் சேர்த்தல் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் வைத்திருக்கும் மனுக்களில் பாதியாவது மஞ்சக்குப்பத்து ஜாப் டைப்பிங் கடைகளில் அடித்தவையாக இருக்கும். அடித்துக் கொடுத்தவர்களில் பலர் எங்கள் பயிலகங்களில் பழகியவர்கள். ஊருக்கெல்லாம் மனு அடித்த கை இன்று தனக்காக ஒன்றை அடித்துக்கொண்டு தங்கள் முன் வந்து நிற்கிறது.

லாரன்ஸ் ரோட்டு மாடிகளிலும் சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நாங்கள் நடத்துபவை பெரிய நிறுவனங்கள் அல்ல. ஓர் அறை, பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள், சுவரில் விசைப்பலகைப் படம், மேசையில் வருகைப் பதிவேடு, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச் தொடங்கும். நெல்லிக்குப்பத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் ரயிலை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் அடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். மாலையில் கடைச் சிப்பந்திகள் வருவார்கள். திருமணமாகிப் பல ஆண்டு கழித்து, குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, ‘இனிமேல் விரல் வருமா சார்?’ என்று தயங்கியபடி வரும் பெண்களும் உண்டு. எல்லோருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், தமிழில் யளனக. விசையைப் பார்க்காமல் பத்து விரலும் நடக்கும் வரை அடுத்த பாடம் கிடையாது. மாதக் கட்டணம் ஒரு வீட்டின் கேபிள், கைப்பேசிச் செலவை ஒட்டியே இருக்கும். அதையும் இரண்டு தவணையாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சின்ன அறையில் பெற்ற பயிற்சி தமிழ்நாட்டின் எந்த அரசு அலுவலகத்திலும் மதிக்கப்படுவதற்குக் காரணம் எங்கள் பெயர்ப்பலகை அல்ல. சொல்லிக்கொடுப்பது நாங்கள். சோதிப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்றால், அந்த வேகம் எங்கள் மாணவருக்கு வந்துவிட்டதா என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்குக் கிடையாது. யார் என்றே தெரியாத ஒரு திருத்துநர் சிவப்பு மையால் சுழிக்கிறார். எங்களுக்கு அது பல தடவை கசந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சுழிதான் எங்கள் பிழைப்பையும் மாணவரின் சான்றிதழையும் ஒருங்கே காப்பாற்றி வந்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பணிக்கு இந்தச் சான்றிதழைக் கேட்பதும் இந்த நம்பிக்கையில்தான். 1878இல் லண்டன் மாநகராட்சியும் 16 தொழிற்குழாம்களும் கூடி சிட்டி அண்ட் கில்ட்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, எங்கே வேண்டுமானாலும் படி, தேர்வைப் பொதுவில் எழுது என்ற இதே ஏற்பாட்டையே பெரிய அளவில் செய்தார்கள். பயிற்சி தந்தவரே சான்றிதழும் அச்சடித்துக் கையில் கொடுக்கும் குறுகிய காலப் படிப்புகள் பெருகிவிட்ட நாளில், நம் மாநிலம் பல்லாண்டுகளாக வைத்திருக்கும் இந்தப் பிரிவினையை இழந்துவிடக் கூடாது என்பதே நாங்கள் சொல்ல வந்தது. கீழே கேட்பவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

தட்டச்சுத் தேர்வைக் கணினியில் நடத்துவது பற்றிய செய்திகளை நாங்களும் அறிவோம். அதை எதிர்க்க வரவில்லை. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே செய்த தட்டச்சு இயந்திரத்தை வெளியிட்டது. அதே நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. ரெமிங்டன், ஃபாசிட், ஹால்டா எல்லாம் அதற்கு முன்பே போய்விட்டன. எங்களிடம் ஓடுகிறவை செத்த இயந்திரத்தின் ஸ்பிரிங்கைப் பிடுங்கி உயிருள்ளதற்குப் போட்டு ஓட்டுகிறவை. கடலூர் உப்புக்காற்றில் இரண்டு வாரம் மூடிவைத்தால் டைப் பார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கூரை பறந்து, மழையில் நனைந்த இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஒவ்வோர் எழுத்தாகத் துலக்கினோம். அவற்றில் சில இன்னும் வகுப்பில் இருக்கின்றன. பண்ருட்டிப் பக்கமிருந்து எங்களுக்கு வரும் மெக்கானிக்குக்கு எழுபது வயதாகிறது. அவர் பிள்ளைகள் யாரும் இந்த வேலையைக் கற்கவில்லை. அவர் பையில் இருக்கும் குறடும் கொக்கியும் நின்றுவிட்டால் நாங்களும் நிற்போம் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பயிலகம் ஒன்றின் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும், மாற்றம் ஏன் வேண்டும் என்பது விளங்கும். தேர்வு மையத்துக்கு எங்கள் இயந்திரங்களையே கொண்டுபோக வேண்டும்; ஒவ்வொன்றும் சுமார் 15 கிலோ. கேரேஜ் நகராமல் துணிக்கிழிசலால் கட்டி, சாக்கில் சுற்றி, மேலே சாக்குக்கட்டியால் மாணவர் பதிவெண்ணை எழுதிக் குட்டியானை வண்டியில் ஏற்றுவோம். கெடிலம் பாலத்தைத் தாண்டி மையத்துக்குப் போகும் வரை ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ‘மெதுவா, தம்பி, மெதுவா’ என்பார். மறுநாள் காலை மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு பெண் கையைத் தூக்குவாள். நேற்று வரை சரியாக விழுந்த எழுத்து வரிக்கு மேலே ஏறி விழுகிறது. மெக்கானிக் தரையில் முழந்தாளிட்டு டைப் பாரை வளைத்து நிமிர்த்துவார். அந்தப் பெண்ணின் ஆறு மாத உழைப்பு அந்தக் குறட்டின் நுனியில் நிற்கும்.

ஆகவே கணினி வரட்டும். ஆனால் ஒரே தேர்வில் வரவேண்டாம். பிப்ரவரி, ஆகஸ்ட் என ஆண்டுக்கு இரண்டு தேர்வு. குறைந்தது ஆறு தேர்வுகளுக்கு, அதாவது மூன்றாண்டுக்கு, இயந்திரமா கணினியா என்று தேர்வரே தெரிவுசெய்ய அனுமதிக்க வேண்டுகிறோம். இளநிலையை இயந்திரத்தில் முடித்து முதுநிலைக்கு வேகம் ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை பாதி வழியில் வண்டி மாறக் கூடாது. கணினித் தேர்வில் பிழை நீக்கும் விசை இயங்குமா, வேகத்தை எப்படிக் கணக்கிடுவார்கள், மின்தடை வந்தால் நேரம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றுக்கு விடை எழுத்தில் வேண்டும். மாதிரித் தேர்வு மென்பொருளைப் பயிலகங்களுக்கு இலவசமாகத் தரவேண்டும். இல்லையென்றால் அதை வாங்கத் திராணியுள்ள பெரிய பயிற்சி மையங்களே மிஞ்சும்.

தமிழ் விசைப்பலகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நாங்கள் அலுவலகங்களில் சொல்லும்போதெல்லாம் இதைச் சிறு விஷயமாக நினைத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு வடிவம் கொடுத்த முன்னோடி. நகரா விசை என்ற உத்தி நம் எழுத்தை இயந்திரத்துக்குள் அடக்கியது. புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். கேரேஜ் நகராது. பிறகு க அடித்தால் க் ஆகும். எழுதும்போது நாம் செய்வதற்கு நேர்மாறான வரிசை. எங்கள் மாணவர்களின் விரல் இதற்குப் பழகியது. அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் மெய்யை அடித்த பின்புதான் புள்ளி வரும், எழுத்துகளின் இடமும் வேறு. யூனிகோடில் வேலை செய்யும் அலுவலகங்களில் தமிழ்99ஐ அடிப்பவரும் உண்டு, பழைய தட்டச்சு அமைப்பையே கணினியில் வைத்து அடிப்பவரும் உண்டு. இரண்டில் எது தேர்வுக்கு வரும்? தமிழ்99 என்றால் பாடத்தை மாற்ற நாங்கள் தயார். அதுவே நல்ல அமைப்பு என்பது எங்களில் சிலரின் கருத்தும்கூட. ஆனால் இரண்டு ஆண்டு முன்னதாகச் சொல்ல வேண்டும். மாற்றத்துக்கு முன் பழைய முறையில் தேறியவர்களின் சான்றிதழ் அப்படியே செல்லும் என்று அரசாணையில் ஒரு வரி இருக்க வேண்டும். விரல் பழக்கம் மூளையில் எழுதப்படுவது. அதை அழித்து எழுத மாதங்கள் ஆகும்.

இனித் திறன் பயிற்சித் திட்டங்கள். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பெரிய தொழில் நிறுவனங்கள் பாடம் நடத்துகின்றன. மகிழ்ச்சி. அதே வகுப்பில் உட்காரும் மாணவர் நிரல் எழுதும்போது இரண்டே விரலால் தடவித் தடவி அடிப்பதை நாங்கள் பார்க்கிறோம். பத்து விரல் தட்டச்சையும் அலுவலகக் கடித முறையையும் ஒரு சிறு பாடமாக அதில் சேர்த்து, அந்தந்த ஊர்ப் பயிலகத்திடமே ஒப்படைத்தால் அரசுக்குப் புதிதாகக் கட்டடம் வேண்டாம், ஆசிரியரையும் தேட வேண்டாம். தேர்வை மட்டும் முன்போல் இயக்ககமே நடத்தட்டும். வருகைப் பதிவேட்டுக்குப் பணம் தராமல் தேர்ச்சிக்குப் பணம் தாருங்கள் என்றும் நாங்களே கேட்டுக்கொள்கிறோம். எங்கள் உறுப்பினர் சிலருக்கு இந்த வரி பிடிக்கவில்லை. கூட்டத்தில் வாக்கெடுத்துத்தான் சேர்த்தோம்.

மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டவர். அச்சகத்தில் வேலை பார்த்தபடி கற்றுக்கொண்டவர். எல்லோரும் ஜெயகாந்தன் ஆகப்போவதில்லை. ஆனால் பள்ளிச் சுவருக்கு வெளியே கற்க இந்த ஊரில் இடம் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

மின்கட்டணம், கடன் இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறோம். இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றும், எங்களில் பலருக்குக் கடைக்குரிய வணிகக் கட்டணமே விதிக்கப்படுகிறது. கல்விப் பிரிவில் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும். பத்துக் கணினி வாங்கக் கடன் கேட்டுப் போன ஓர் உறுப்பினரிடம் ஒரு வங்கியில், ‘டைப்ரைட்டிங் இன்னும் இருக்கா?’ என்று கேட்டார்களாம். முத்ரா போன்ற திட்டங்களில் எங்கள் விண்ணப்பங்களை முன்னோடி வங்கி, மாவட்டத் தொழில் மையம் வழியாக ஒரே நாளில் பரிசீலிக்கும் முகாம் ஒன்றை அமைத்துத் தந்தால் போதும். மானியம் கேட்கவில்லை.

சுருக்கெழுத்து கற்க வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். நீதிமன்றங்களுக்குச் சுருக்கெழுத்தர் இன்றும் தேவை. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு பயிலகமாவது அதைத் தொடர்ந்து நடத்த, பயில்வோருக்குக் கட்டண உதவி தரலாம். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று வருவாய்க் கோட்டங்களிலும் தலா ஒரு தேர்வு மையமாவது எப்போதும் இருக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண் காலைத் தேர்வுக்கு முதல்நாள் இரவே தங்க இடம் தேட வேண்டியிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக் குப்பையையும் மறைக்கவில்லை. பழைய கேள்வித்தாளின் பத்திகளை மனப்பாடமாக அடிக்கவைத்து வேகம் காட்டும் பயிலகங்கள் எங்களிடையே உண்டு. புதிய பத்தி வந்தால் அந்த மாணவர் திணறிவிடுவார். தேர்ச்சி உறுதி என்று பலகை எழுதி வைப்பதையும் நாங்கள் கண்டித்திருக்கிறோம். எங்கள் பங்காக, இரண்டு ஆண்டுக்குள் உறுப்பினர் பயிலகங்களின் ஆசிரியர்கள் அனைவருக்கும் யூனிகோடும் தமிழ்99ம் கற்றுத்தரும் ஞாயிறு வகுப்புகளைச் சங்கச் செலவிலேயே நடத்தி முடிக்கிறோம். இயந்திரம் பழுதான பயிலகத்துக்கு மற்றவர் இயந்திரத்தைத் தேர்வுக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தைக் கணினிக்கும் நீட்டிக்கிறோம். திறன் பயிற்சி அலுவலகம் எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றி வகுப்பைப் பார்வையிடலாம்.

இவை பற்றி நேரில் விளக்க, தாங்கள் குறிக்கும் நாளில் தொழில்நுட்பக் கல்வி இயக்கக அலுவலர் ஒருவரையும் அழைத்து எங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தரவேண்டுகிறோம். வரும்போது ஒரு பழைய ரெமிங்டனையும் ஒரு மடிக்கணினியையும் எடுத்து வருகிறோம். நகரா விசையைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு தடவை அடித்துக் காட்டுவது எளிது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செயலாளர்

இடம்: திருப்பாதிரிப்புலியூர்

இணைப்பு: உறுப்பினர் பயிலகங்களின் பட்டியல், கையொப்பங்களுடன், இரு தமிழ் விசைப்பலகைகளின் படம், ஒரு தாள்.