தீ மூட்ட இடம் வேண்டும்

கலை என்றால் மேடை, மேடை என்றால் நகரம் என்றதோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. பதுளையிலும் பண்டாரவளையிலும் நடைபெறும் கலைவிழாக்களைக் கவனித்து வருவோர் இதனை எளிதில் உணர்வர். மங்கல விளக்கேற்றலும் வரவேற்புரையும் முடிந்தபின், மலையக மரபுக் கலை என்ற அறிவிப்போடு தோட்டத்துத் தப்புக் கலைஞர் மேடையேறுகின்றனர். பத்து நிமிடம், மிஞ்சினால் கால்மணி நேரம். பொன்னாடை போர்த்தி அனுப்பியதும் திரைப்பாட்டுக்கு ஆடல் தொடங்குகின்றது. தப்பைத் தீண்டவும் கூசிய சமூகம் இன்று அதற்கு மேடை தருகின்றதென்றால், அது மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் அம்மாற்றம் பாதி வழியில் நின்றுவிட்டது என்பது என் துணிபு.

தப்பு என்பது மர வளையத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய கருவி. ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி. மறுகையில் குட்டையான தடித்த குச்சி. மலைநாட்டுப் பனியிலும் தூறலிலும் தோல் தளர்ந்துவிடும். சருகைக் கொளுத்தி அனலிற் காய்ச்சி முறுக்கேற்றினாலன்றி நாதம் பிறவாது. நகர மண்டபத்தில் தீ மூட்ட யார் விடுவார்? வாயிலுக்கு வெளியே வாகனங்களுக்கு நடுவே காய்ச்சிக் கொணர்ந்தாலும், பேச்சாளர் மூவர் பேசி முடிப்பதற்குள் தோல் மீண்டும் தளர்ந்து போகும். இளைஞர் சிலர் செயற்கைத் தோலை நாடுவதில் வியப்பென்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த மக்களோடு வந்தது இக்கருவி. விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும், திருவிழாவில் முழங்கியதும், சாவீட்டில் உடனிருந்ததும் இதுவே. இதன் முழு வீச்சையும் காண்பதற்குரிய இடம் காமன் கூத்து. மாசி மாதத்துப் பிறை கண்டபின் காமன் கம்பத்தை ஊன்றுவர். முழுமதியை ஒட்டி விடிய விடிய ஆடி, மன்மதன் எரிவதைக் காட்டி, ரதியின் புலம்பலுக்குச் செவி சாய்ப்பர். ரதியாக ஆடுபவரும் ஓர் ஆடவரே. பாத்திரம் மாறத் தப்படியும் மாறும். சுற்றியிருக்கும் முதியோருக்கு ஒவ்வோர் அடியும் மனப்பாடம். பிழைத்தால் அங்கேயே திருத்துவர். நகரத்து இரசிகரோ கைதட்டுவர், திருத்த அறியார். மன்மதன் எரிவதும் அங்கே செவ்விளக்கின் ஒளியாய்ச் சுருங்குகின்றது.

கூத்தைச் சுருக்காமல் நகரத்தார்க்கு எங்ஙனம் காட்டுவது என்று அறிஞர் சிலர் கேட்கக்கூடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போர் கூத்தைச் சுருக்கியும், பின்னர் இராவணேசனைப் புதிதாய் அமைத்தும் மேடையேற்றியதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அம்முயற்சி ஈழத்துக் கூத்துக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தது, ஐயமில்லை. ஆனால் மேடையிற் சுருங்கிய கூத்துக்கு மட்டக்களப்புக் கிராமங்களில் வட்டக்களரி பின்பலமாய் இருந்தது. அண்ணாவிமார் அங்கேயே பழக்கி வந்தனர். வேர் மண்ணில் இருந்தமையால் கிளையை வெட்டி நகரில் நட முடிந்தது. நம் ஊவாத் தோட்டங்களில் அந்த மண்ணே உறுதியற்றது.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. எந்தக் காலத்திலும் கூத்தாடும் திடல் ஆடுவோருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியோரில் பலர் மக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் அடைக்கலம் புகுந்தனர். 2016இல் அவர்களுக்கென 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. லயத்திலிருந்து தனிவீட்டுக்குச் செல்வது நெடுநாட் கனவு. அதனை எவரும் குறைகூறார். ஆயின் இத்தகைய குடியேற்றங்களில் வீடுகளை எண்ணும் நாம், கூத்துக் குழுவை எண்ணுவதில்லை. கூத்து ஒருவர் கைப்பொருளன்று. கற்பிப்பவரும், தப்படிப்பவரும், வேடம் புனைபவரும், பிழை திருத்துபவரும் சேர்ந்த கூட்டுச் சொத்து. சரிவு அதனைக் கலைக்கும். கொழும்புக்கு வேலை தேடிச் செல்லும் பேருந்தும் கலைக்கும். மேடையில் மிஞ்சும் கால்மணி நேரம் அதன் நிழலே.

ஆகவே நான் வேண்டுவன சில. மலையகத்தில் புதிய குடியிருப்பு எங்கு எழுந்தாலும், மக்கள் பெயரால் ஒரு திடல் ஒதுக்கப்படல் வேண்டும். நகரத்து விழாக் குழுவினர் மாசியில் ஓர் இரவேனும் திறந்தவெளியில் கூத்தை முழுமையாய் நடத்துவதோடு, பொன்னாடைக்கு முன்னர் உழைப்புக்குரிய ஊதியத்தையும் தருவாராக. ஆசிரியப் பெருமக்களுக்கும் கடமை உண்டு. மலைநாட்டு மக்கள் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்தார். அந்நூல் 1983இல் வெளிவந்தது. பாடலை ஏட்டில் எழுதிக் காக்கலாம். தப்படியைக் கையால் கற்றே காக்கவேண்டும். கலைஞரைப் பாடசாலை மேடைக்கு அழைப்பதோடு அமையாது, மாணவரைத் தோட்டத்துத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். தப்புக் காயும் நெருப்பருகே அவர்கள் ஓரிரவு விழித்திருக்கட்டும்.