ஸ்கல்லிக்கு ஏன் மேசை இல்லை?

'த எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் நான்காவது பருவத்தில், 1997 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஓர் எபிசோடில், டேனா ஸ்கல்லி தன் கூட்டாளி ஃபாக்ஸ் மல்டரிடம் கேட்கிறாள், இந்த அறையில் தனக்கு ஏன் ஒரு மேசை இல்லை என்று. அவள் மருத்துவம் படித்தவள், பிணக்கூறாய்வு செய்பவள், எஃப்பிஐ அதிகாரி. அந்த அடித்தள அறைக்கு அவள் வந்து நான்காவது பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் அவனுடைய பறக்கும் தட்டுச் சுவரொட்டி. எங்கு பார்த்தாலும் அவனுடைய கோப்புகள், அவன் கொறிக்கும் சூரியகாந்தி விதைகள். மல்டருக்குக் கேள்வியே விளங்கவில்லை. அறையின் பின்பக்கத்து மூலை அவளுடையது என்று நினைத்திருந்தானாம்.

அவன் கெட்டவனில்லை. வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையான கண் உள்ளவன். பக்கத்தில் நான்கு வருடமாக நிற்பவளுக்கு உட்கார இடமில்லை என்பது மட்டும் அந்தக் கண்ணில் படவில்லை.

துப்பறியும் தொடர்களில் இது ஒரு நிலைத்த வார்ப்பு. ஒரு மேதை இருப்பான். யாரும் பார்க்காததைப் பார்ப்பான். அதற்குப் பதிலாக, எல்லோரும் செய்வது எதையும் செய்ய மாட்டான். வணக்கம் சொல்ல மாட்டான், வண்டி ஓட்ட மாட்டான், படிவம் நிரப்ப மாட்டான், செத்தவரின் தாயிடம் பக்குவமாகப் பேச மாட்டான். இவற்றையெல்லாம் செய்வதற்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் மிகப் பெரும்பாலும் ஒரு பெண். அவள் அறிவில்லாதவள் அல்லள். கதை எழுதுகிறவர்கள் அவளுக்கும் ஒரு பட்டம், ஒரு பதவி, சில சமயம் ஒரு துப்பாக்கிகூடக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். பாதி நாள் அவனைப் பார்த்துக்கொள்வதில் போகும்.

'மங்க்' தொடரை எடுத்துக்கொள்வோம். 2002 முதல் 2009 வரை எட்டுப் பருவங்கள். சான் பிரான்சிஸ்கோ காவல் துறையிலிருந்து விலக்கப்பட்டு, இப்போது ஆலோசகராகத் துப்பறியும் ஏட்ரியன் மங்க். கிருமி பயம், உயர பயம், பால் என்றால்கூட பயம். யாராவது கை குலுக்கினால் உடனே கையைப் பக்கவாட்டில் நீட்டுவான். அந்தக் கையில் ஓர் ஈர டிஷ்யூ வந்து விழும். அதை வைப்பது முதலில் ஷரோனா என்ற செவிலி, பிறகு நேட்டலி. ஷரோனா மகனைத் தனியாக வளர்ப்பவள். நேட்டலி கணவனைப் போரில் இழந்தவள், பள்ளிக்குப் போகும் மகள் இருக்கிறாள். இரண்டு பேருக்குமே வீட்டில் ஒரு பிள்ளை, வேலையில் இன்னொரு பிள்ளை.

எனக்கு உறுத்துவது அந்தக் கை நீளும் விதம். அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, டிஷ்யூ வரும் என்று அந்தக் கைக்குத் தெரியும். எட்டு வருடம் இது நகைச்சுவையாக ஓடியது. சம்பளம் கேட்டு, செலவுக் கணக்கைக் கொடுத்து, அந்தப் பெண்கள் அவனோடு மல்லுக்கட்டுவதும் அதே நகைச்சுவையின் பகுதிதான். கூலி கேட்கும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? மங்காக நடித்த டோனி ஷலூபுக்கு மூன்று எம்மி விருதுகள் கிடைத்தன. நல்ல நடிகர், விருதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த நடிப்பின் ஒவ்வோர் அசைவும், டிஷ்யூ நீட்டும் இன்னொரு கை சரியான நேரத்தில் வந்தால்தான் நிற்கும்.

மங்கின் நோய் உண்மையான நோய்தானே, அதை எப்படிக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நோயாளிக்குப் பராமரிப்பு உரிமை. நான் கேட்பது, அந்த உரிமையின் செலவை யார் ஏற்றார்கள் என்பதுதான். அவன் மூளையைப் பயன்படுத்திக் கொலை வழக்குகளைத் தீர்த்துக்கொண்ட காவல் துறையா? இல்லை. மாதச் சம்பளத்துக்கே இழுபறியாக இருந்த ஒற்றைப் பெற்றோர் இரண்டு பேர்.

இதே மங்குக்கு இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், செத்துப்போனவள். மனைவி ட்ரூடி கார் வெடிகுண்டில் கொல்லப்பட்டாள், அதனால்தான் அவன் இப்படி ஆனான். 'த மென்டலிஸ்ட்' தொடரில் பேட்ரிக் ஜேனின் மனைவியும் மகளும் ஒரு தொடர் கொலைகாரனால் கொல்லப்பட்டவர்கள். அவனுக்கு மேலதிகாரி தெரேசா லிஸ்பன். கவனியுங்கள், மேலதிகாரி. அவன் அலுவலகச் சோபாவில் படுத்துக்கொண்டு தேநீர் குடிப்பான். அவன் அவமதித்த செல்வந்தர்களின் புகார்களுக்கு இவள் பதில் சொல்வாள். இறந்தவள் அவனுக்கு ஒரு சோகம் தருகிறாள், இருப்பவள் அந்தச் சோகத்துக்குத் தினமும் வேலை செய்கிறாள். இரண்டு பெண்கள்மேல் ஏறி நிற்பவனைத்தான் தனித்து நிற்பவன் என்கிறார்கள். லிஸ்பனுக்குக் கடைசி எபிசோடில் கல்யாணமும் ஆகிவிடுகிறது. வேறு யாரோடு, அவனோடுதான்.

பிபிசியின் 'ஷெர்லக்' என் வகுப்பில் மிகவும் நேசிக்கப்படும் தொடர். கூட்டாளி ஜான் வாட்சன் ஆண்தான். ஆனால் மாலி ஹூப்பரை மறக்க வேண்டாம். பார்ட்ஸ் மருத்துவமனையில் நோய்க்கூறு நிபுணர். அவனுக்குப் பிணங்களையும் ஆய்வுக்கூடத்தையும் திறந்துவிடுபவள். 2012-இல் வந்த ஒரு எபிசோடில், கிறிஸ்துமஸ் கூடுகையில் எல்லோர் முன்னாலும் அவள் உடையையும் உதட்டையும் மார்பையும் வைத்து அவன் 'துப்பறிகிறான்', அவள் யாரையோ மயக்க வந்திருக்கிறாளாம். பரிசுப்பொட்டலத்தில் அவன் பெயரே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு ஒரு முத்தம் கொடுக்கிறான். பார்ப்பவர்கள் உருகுகிறார்கள், அவனுக்கும் இதயம் இருக்கிறதாம்! அவமானப்பட்டவள் அவள், இதயம் கிடைத்ததோ அவனுக்கு.

2017-இல் வந்த கடைசி எபிசோடில் இன்னும் மோசம். குறித்த நேரத்துக்குள் மாலி தன் காதலைத் தொலைபேசியில் சொல்லாவிட்டால் செத்துப்போவாள் என்று நம்பி, அவன் அவளைச் சொல்லவைக்கிறான். அவளுக்கு எதுவும் தெரியாது. என்னைக் கேலி செய்யாதே என்று கெஞ்சிவிட்டுச் சொல்கிறாள். தொலைபேசி வைக்கப்பட்டதும் கேமரா யாரிடம் போகிறது? அவனிடம். அவன் சவப்பெட்டியை உடைக்கிறான், அவன் கதறுகிறான். மாலி அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று நமக்குக் காட்டவில்லை. முடிவில் பேக்கர் தெரு வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு வருகிறாள், அவ்வளவுதான்.

பெண்களும் மேதைகளாக வருகிறார்களே என்பார்கள். வருகிறார்கள். 1991-இல் தொடங்கிய 'ப்ரைம் சஸ்பெக்ட்' தொடரின் ஜேன் டெனிசனுக்கு டிஷ்யூ நீட்ட யாரும் இல்லை. கீழே வேலை செய்யும் ஆண்களே அவள் விழுவதற்குக் காத்திருக்கிறார்கள். கூட வாழ்ந்தவன் விட்டுப் போகிறான். 2006-இல் தொடர் முடியும்போது குடியோடு போராடிக்கொண்டு ஓய்வு பெறுகிறாள். ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் இடையே நடக்கும் 'த பிரிட்ஜ்' தொடரின் சாகா நொரேன், விதியை விதி என்றே எடுத்துக்கொள்பவள். கூட்டாளி மார்ட்டின் ஒரு கொலை செய்தான் என்று தெரிந்ததும் புகார் கொடுக்கிறாள். வேறென்ன செய்வார் ஒரு போலீஸ் அதிகாரி? அடுத்த பருவத்தில் டென்மார்க்கிலிருந்து வரும் சக அதிகாரி அவளை அதற்காகவே வெறுக்கிறார். ஷெர்லக்கின் முரட்டுத்தனம் சட்டைப் படமாகிறது. சாகாவின் நேர்மை அவளைத் தனிமையில் கொண்டு விடுகிறது.

மாறாக ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் 'எலிமென்டரி'. 2012 முதல் 2019 வரை வந்தது. லூசி லியூ நடித்த ஜோன் வாட்சன் முன்னாள் அறுவை மருத்துவர். போதையிலிருந்து மீண்ட ஷெர்லக்குக்குத் துணையாக, அவன் அப்பா சம்பளம் கொடுத்து அமர்த்தியவள். அதாவது இங்கே பராமரிப்புக்கு வேலை என்று பெயர் இருக்கிறது, முடிவுத் தேதியும் இருக்கிறது. அந்த வேலை முடிந்தபிறகு அவள் தொழில் கற்றுக்கொள்கிறாள், தனக்கென வழக்குகள் எடுக்கிறாள். கடைசிவரை அவனுக்குக் காதலியாகவில்லை. விசித்திரமான வழிகளில் அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் அவன் பழக்கம் எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும் இவ்வளவு எளிதாகச் செய்ய முடிந்ததை மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்கவைக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் தொடர், நமக்கென்ன என்று கேட்கலாம். சமையலுக்கு இருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் கவிஞனின் கருணைக்குச் சான்றாகத்தான் பள்ளியிலிருந்து சொல்லி வந்திருக்கிறோம். அன்று செல்லம்மா எதை உலையில் போட்டார் என்று கேட்கும் வழக்கம் தமிழ்த் துறைகளில் இல்லை. என் ஆய்வுக் காலத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம். நூற்பாவை எண்ணோடு சொல்வார். கோபம் வந்தால் கையெழுத்துப் படியை வாசலில் எறிவார். மேதை அப்படித்தான் இருப்பார் என்றார்கள் மற்றவர்கள். ஆய்வு மாணவியர் அவருக்கு மாத்திரை வாங்கினோம், வங்கிப் படிவம் நிரப்பினோம், அவர் திட்டி அனுப்பிய விருந்தினர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். எங்களில் இலக்கணத்தில் மிகக் கெட்டிக்காரி ஒருத்தி, இரண்டாவது தடவை படி எறியப்பட்டபோது அதைப் பொறுக்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவேயில்லை. நல்ல மூளை, ஆனால் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி என்றார்கள் அவளை. அவரைச் சொல்லவில்லை.

அப்படியென்றால் பார்க்கவே கூடாதா என்று மாணவியர் முகம் வாடுகிறார்கள். பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஒரு எபிசோடை மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு பாருங்கள். அவள் வண்டி ஓட்டியது எத்தனை முறை, அவனுக்காக மன்னிப்புக் கேட்டது எத்தனை முறை, அவள் சொன்ன ஊகத்தை அவன் இரண்டு காட்சி தள்ளிச் சொல்லிப் பாராட்டு வாங்கியது எத்தனை முறை. கொலைகாரன் யார் என்பதை அந்த ஒரு நாள் விட்டுவிடலாம்.

ஸ்கல்லியிடம் திரும்புகிறேன், ஏனென்றால் அவள் விஷயத்தில் கதைக்கு வெளியேயும் கணக்கு இருக்கிறது. ஸ்கல்லியாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சன், தொடக்கத்தில் தனக்கு டேவிட் டுகோவ்னியைவிட மிகக் குறைந்த சம்பளம் தரப்பட்டதையும், அது சமமாக மூன்று ஆண்டுகள் ஆனதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். படப்பிடிப்பில் டுகோவ்னிக்குச் சில அடி பின்னால்தான் நிற்க வேண்டும் என்று முதலில் சொன்னார்களாம். 1997-இல், ஸ்கல்லி மேசை கேட்ட அதே ஆண்டில், சிறந்த நடிகைக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது. 2016-இல் தொடரை மீண்டும் தொடங்கியபோது, அவருக்கு முதலில் பேசிய தொகை டுகோவ்னிக்குத் தருவதில் பாதி. ஆண்டர்சன் அதை ஏற்கவில்லை, வெளியிலும் சொன்னார். சமச் சம்பளம் வந்தது. 2018-இல் பதினோராவது பருவத்தோடு தான் விலகுவதாக அறிவித்தார். பன்னிரண்டாவது பருவம் வரவில்லை.