கொழுந்தை நிறுக்கிறீர்கள், உண்ணியை யார் எண்ணுவது?

பசறைப் பக்கத் தோட்டங்களில் வேலை முடிந்து வரும் எங்கள் அம்மாமார் லயத்து வாசலிலேயே நின்று உடுப்பை உதறுவார்கள். முதலில் அட்டை. பிறகு காதுமடல், கக்கம், இடுப்பு என்று தேடினால் உண்ணி. நகத்தால் பிய்த்து அடுப்பில் போடுவார்கள். "உண்ணி கடிக்காம மலையில வேல செய்ய முடியுமா?" என்று சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்குப் போன வருஷம் விடாத காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. பனடோல் கொடுத்தார்கள், டெங்கு பார்த்தார்கள். "உண்ணி ஏதும் கடிச்சதா?" என்று தமிழில் ஒருவர் கேட்க ஏழு நாள் ஆனது. டொக்சிசைக்கிளின் கொடுத்ததும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மாத்திரை மலிவு. கேள்விதான் கிடைக்கவில்லை.

உண்ணிக் காய்ச்சல் இந்த நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் போடும் அட்டவணையில் பதுளைக்கும் ஒரு வரி உண்டு. ஆனால் அது நோயாளிகளின் கணக்கு. புல்லில் காத்திருக்கும் உண்ணியின் கணக்கு எங்கே? டெங்கென்றால் வீடு வீடாகக் குடம்பி தேடுகிறார்கள். லயத்துக்குப் பின்னால் மானாப்புல்லில் உண்ணி தேடி யாரும் வந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

"அதுக்கெல்லாம் ஏது காசு?" என்பார்கள். ஒரு வெள்ளைத் துணியைப் புல்லின்மேல் மெதுவாக இழுத்துப் போனால் உண்ணி ஒட்டிக்கொள்ளும். உலகம் முழுக்க அப்படித்தான் பிடிக்கிறார்கள். பிடித்து, எண்ணி, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் இப்போதே? கர்நாடகத்தைப் பாருங்கள். 1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோரத்து மக்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணி சுமந்த வைரஸ் அது. பிறகு வயநாட்டுக்கும், கோவாவின் முந்திரித் தோட்டத் தொழிலாளரிடமும் போனது. உண்ணிக் காய்ச்சலைத் தருவது பக்டீரியா, மாத்திரைக்கு அடங்கும். இந்த வைரஸுக்குத் தனி மருந்தே கிடையாது. அதைப் பரப்பும் முக்கியமான உண்ணி இனம் இலங்கையிலும் இருக்கிறது. குரங்கும் இருக்கிறது. கவனிப்பாரின்றிக் காடாகிப்போன தேயிலையும் இருக்கிறது.

வைரஸ் வந்துவிட்டது என்று பீதி கிளப்பவில்லை. வந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறோம். ஆய்வுகூடத்துக்கா, எங்கள் அம்மாவின் உடம்புக்கா?

கிலோ குறைந்தால் அரைப்பேர் போடத் தெரிந்த கம்பனிக்கு, புல் வெட்டவும் செத்த குரங்கைப் பற்றி அறிவிக்கவும் தெரிய வேண்டும். சுகாதார அலுவலகம் வருஷத்தில் சில தடவையாவது தோட்டத்தில் துணி இழுக்க வேண்டும். காய்ச்சலோடு வரும் தொழிலாளியிடம் அந்த ஒரு கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும்.

அதுவரை நாமே செய்வோம். உண்ணியை நகத்தால் நசுக்காமல் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுங்கள். கடித்த திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, உண்ணி கடிச்சது."