யார் யாருக்குக் கௌரவம் தந்தது?

தமிழ் நாடக வரலாறு எழுத உட்காருகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். கூத்தாடிகள் கையில் சீரழிந்து கிடந்த மேடைக்குப் பம்மல் சம்பந்த முதலியார் கௌரவம் தேடித் தந்தாராம். என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான், பம்மலோடு அல்ல.

1891இல் சென்னையில் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை, பயில்முறை நடிகர்களின் சபை. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் வேடம் கட்டினார்கள். பம்மலே வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. மேடையை நம்பி அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஏற்கெனவே தம்மிடம் இருந்த கௌரவத்தை மேடைக்குக் கொண்டு வந்தார்கள். போகும்போது கையோடு எடுத்துக்கொண்டும் போனார்கள்.

1886இல் சிவகாசியில், நாவிதர் குலத்தில் பிறந்த விசுவநாததாஸுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. நாடகமே அவர் தொழில். புராண நாடகத்தின் நடுவே விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர் நீத்தார். இவருக்கு எந்த வக்கீல் வந்து கௌரவம் தந்திருக்க வேண்டும்? பட்டாசையும் தீப்பெட்டியையும் தவிர அந்த ஊரைப் பற்றி வேறொன்றும் அறியாத நம் விமர்சகர்கள் பதில் சொல்லட்டும்.

பம்மலின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பாட்டாகவே விடிய விடிய நீண்ட நாடகத்தை உரைநடை வசனத்தால் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவற்றுள் 'சபாபதி' என்ற நகைச்சுவை நாடகத்தை 1941இல் வந்த திரைப்படமாக மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிரதியைப் படித்துப் பாருங்கள். அசட்டு எஜமானனுக்கும் அசட்டு வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். இருவரில் யார் பெரிய அசடு என்ற போட்டியிலேயே எஜமானத்தனம் கரைந்துபோகிறது. இதை நடிக்கச் சங்கீதம் வேண்டாம், கணீர்க் குரல் வேண்டாம். விருதுநகர்ப் பலசரக்குக் கடைக் கணக்குப்பிள்ளையும் சிவகாசி அச்சகத் தொழிலாளியும் பத்து நாளில் வசனத்தை நெட்டுருப் போட்டு மேடையேறிவிடலாம்.

நடிகனல்லாதவனும் நடிக்கும்படி எழுதுவது அரிய கலை. அதை 'வெறும் சிரிப்பு நாடகம்' என்று ஒதுக்கிவிட்டு, செய்யாத உபகாரத்துக்காக அவரைப் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியின் விலையாக, மேடையிலேயே வாழ்ந்து மடிந்தவர்களைச் சீரழிவின் கணக்கில் எழுதுகிறோம். இருவருக்குமே இது அவமரியாதை. அடுத்த பதிப்பிலாவது அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.