வேலூர்ச் சிறையும் அயர்லாந்துப் பெண்மணி ஒருவரும்

பெங்களூரு ஒக்கலிபுரத்தைக் கடந்து செல்லும் சென்னை இருப்புப்பாதை தமிழர்க்கு நன்கு பழகிய வழி. அது காட்பாடியைத் தொட்டுச் செல்கிறது. காட்பாடியை அடுத்த வேலூரைக் கோட்டைக்காகவும் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சிக்காகவும் பலரும் நினைவுகூர்வர். அவ்வூர்ச் சிறைக்கு அயர்லாந்தின் உரிமைப் போராட்டத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. அத்தொடர்பின் பெயர் மார்கரெட் கசின்ஸ்.

1878இல் அயர்லாந்தின் பாயில் என்னும் ஊரில் பிறந்தவர் இவர். 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனுடன் இணைந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுப் பாராளுமன்றத்தில் வாதிட்ட தலைவர்களுள் பெரும்பாலோர், 1912ஆம் ஆண்டுத் தன்னாட்சி மசோதாவில் பெண்களின் வாக்குரிமையைச் சேர்க்க முன்வரவில்லை. நாட்டின் விடுதலையில் பாதி மக்களுக்குப் பங்கில்லையா என்பதே கழகத்தாரின் கேள்வி. 1913இன் தொடக்கத்தில் டப்ளின் கோட்டையின் சன்னல் கண்ணாடிகளை உடைத்துச் சிறை சென்ற கசின்ஸ், டல்லமோர் சிறையில் அரசியல் கைதிக்குரிய தகுதி கோரி உண்ணாநோன்பு இருந்தார்.

1915இல் கணவர் ஜேம்ஸ் கசின்ஸுடன் இந்தியா வந்தபோது அந்தக் கேள்வியும் அவருடன் வந்தது. அன்னி பெசன்ட் அயர்லாந்துத் தன்னாட்சி இயக்கத்தின் பெயரையே ஏற்று 1916இல் இங்கு ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். கசின்ஸ் 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவாக முன்னின்றார். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டதும் அவருடைய முயற்சியின் பயனே. 1921இல் சென்னை மாகாணம் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. 1932இல், பேச்சுரிமையைப் பறித்த அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியமைக்காக ஓராண்டுத் தண்டனை பெற்று அவர் வேலூர்ச் சிறைக்குச் சென்றார்.

பெசன்ட் நகர் என்னும் பெயர் சென்னையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நாவில் புழங்குகிறது. ஆயினும் அது கடற்கரையையும் பேருந்து நிறுத்தத்தையும் குறிக்கும் முகவரியாகவே எஞ்சிவிட்டது. இது மொழியின் இயல்பு. இடுகுறியாகிவிட்ட பெயர் தன் பொருளைத் தானே எடுத்துரைக்காது. ஆகவே கசின்ஸின் பெயரை மற்றொரு தெருவுக்குச் சூட்டுவதனால் மட்டும் பயனில்லை. நிகழ்வு நடந்த இடத்திலேயே நிகழ்வைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு வேண்டும்.

அயல்நாட்டார் ஒருவருக்கு எதற்கு இத்துணைச் சிறப்பு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாதான். வேலூர்ச் சிறைவாசிகளுள் உப்புப் போராட்டத்தில் சிறைப்பட்ட ருக்மிணி லட்சுமிபதி உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பெண்களும் இருந்தனர். எனவே கல்வெட்டில் கசின்ஸின் பெயர் தனித்து நிற்க வேண்டியதில்லை. அவர்கள் வரிசையில் ஒன்றாக நின்றால் போதும். 1921இன் வாக்குரிமை சொத்துத் தகுதிக்கு உட்பட்டது என்பதையும் அக்கல்வெட்டு மறைக்கலாகாது. ஆலையிலும் வயலிலும் உழைத்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த குடியரசின் முதல் பொதுத் தேர்தல்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

1944இல் பக்கவாதத்தால் முடங்கிய கசின்ஸ் 1954இல் அடையாற்றில் காலமானார். டல்லமோரிலும் வேலூரிலும் சிறைப்பட்ட ஒருவரின் வாழ்வு, இரு நாடுகளின் விடுதலைக்கும் பொதுவான ஒரு குறையைச் சுட்டிக் காட்டியது. வேலூர்ச் சிறை வாயிலில் பொறிக்கப்படும் நான்கு வரிகள் அதனை வழிப்போக்கர்க்கும் மாணவர்க்கும் சொல்லும். அரசுக்கு அது பெருஞ்செலவும் அன்று.