கோவையில் இல்லாத கதைகள்

எமது சிறுவர் இல்லங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோவை உண்டு. பிறந்த திகதி, சேர்ந்த திகதி, பெற்றோர் விபரம், பாடசாலை அறிக்கை, நன்னடத்தை உத்தியோகத்தரின் குறிப்பு என யாவும் அதில் இருக்கும். ஆனால் இடி முழங்கினால் கட்டிலின் கீழ் ஒளிந்துகொள்ளும் பிள்ளை எது, பாண் துண்டைத் தலையணையின் கீழ் மறைத்து வைக்கும் பிள்ளை எது என்பதைக் கோவை சொல்லாது. இரவில் கூட இருக்கும் பராமரிப்பாளரே அதை அறிவார். அவர் வேலையை விட்டுச் செல்லும்போது அந்த அறிவும் அவரோடு சென்றுவிடுகிறது. புதிதாக வருபவரிடம் பிள்ளை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

எனவே பராமரிப்பாளர்கள் தமக்குள் கதை பேசுவது வீண்பொழுதன்று. அது பராமரிப்பின் ஒரு பகுதியே என்பது எமது கருத்து.

1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை இங்கு நினைவுகூரலாம். போர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றுகூடிக் கதை புனைந்தனர், படம் வரைந்தனர், நாடகம் ஆடினர். அவர்களை வழிநடத்தியோரும் இரு சமூகங்களையும் சேர்ந்தவர்களே. அதே போரினூடாக வாழ்ந்தவர்களே. பிள்ளையின் துயரைக் கேட்க அமர்பவருக்கும் சுமை உண்டு. அதை இறக்கிவைக்க அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மாதத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், ஒரு கோப்பை தேநீர் போதும். அயலிலுள்ள இரண்டு மூன்று இல்லங்கள் சேர்ந்தும் கூடலாம். ஒருவர் அம்மாதம் தம் மனதைத் தொட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லட்டும். மற்றவர்கள் இடைமறியாது கேட்கட்டும். சமையல் செய்பவரும் காவலாளியும் கூட வட்டத்தில் அமரட்டும். பிள்ளைகள் பல வேளைகளில் மனந்திறப்பது அவர்களிடந்தான்.

இது ஊர்வம்பாகிவிடாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. பிள்ளையின் கதை பிள்ளைக்கே சொந்தம். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. ஆகவே வட்டத்தில் பேசியது வெளியே செல்லலாகாது. பார்வையாளர் முன்னும் நன்கொடையாளர் முன்னும் அதை எடுத்துரைப்பது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும். ஆனால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவந்தால் அதை வட்டத்துக்குள் அடக்கிவைக்கவும் கூடாது. 1929 என்ற இலக்கத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு உடன் அறிவிப்பது கடமையாகும்.

இல்லங்களை நடத்துவோர் கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் நிதி ஒதுக்குகின்றனர். அங்கு பணிபுரிவோர் ஒருவரையொருவர் கேட்பதற்கும் மாதத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குவார்களா?